அக்காவின் கல்யாணம் நின்ற விவரம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான், நின்றுகொண்டு இஸ்திரி போட முடியவில்லை என்று சலவைக் கடை முதலாளியம்மா ஓர் உயர நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை, உன் அக்காவைக் கட்டிக்கொள்கிறேன் என்ற பஸ் டிரைவர் தன் அம்மாவோடு வந்தார், கல்யாணத் தேதி குறிக்க. உன் அக்கா காலையிலிருந்து மூன்று தடவை உடை மாற்றினாள். ஆறு வருடமாகத் தன் பஸ் கிளம்பும் நேரத்தை அவள் குரலில் கேட்டவர் அவர். ஒருநாள் பஸ் நிலைய அறிவிப்பு அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, மைக் எட்டுவதற்காக இவள் இரண்டு தலையணை மேல் உட்கார்ந்திருந்தாளாம். "குரலுக்கு ஆள் பத்தலையே" என்றாராம், இவளும் சிரித்தாளாம், அப்படித்தான் ஆரம்பித்தது. அவரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. இரண்டாம் தடவை டீ குடிக்கப் போனபோதே தனக்குக் குழந்தை பிறக்காது, மாத்திரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இதயத்தை வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். "எனக்கு நீங்கதான் வேணும், எங்கம்மாகிட்ட பக்குவமா நான் சொல்லிக்கறேன்" என்றார். அந்தப் பக்குவத்துக்குத்தான் நீ நேரம் கொடுக்கவில்லை.

வந்த அந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை. உன் அக்காவின் கழுத்தைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், கடையில் துணியைப் புரட்டிப் பார்ப்பதுபோல. "முழுசாப் பொம்பளையே இல்லாத ஒண்ண என் மகன் தலையில கட்டப் பாத்தீங்களா" என்று கேட்டார். டிரைவர் "அம்மா, போதும்மா" என்றார், அத்தோடு அவர் வீரம் முடிந்தது. படியிறங்கும்போது அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உங்க மகன் மட்டும் ஃபோன் பண்ணலேன்னா நாங்க ஏமாந்துதான் போயிருப்போம்" என்றார். வாசலில் நின்ற உன் அக்காவுக்கு இடது காது மந்தம் என்பது உனக்குத் தெரியும்.

உன்னைக் கேட்டதற்கு "உண்மையத்தானம்மா சொன்னேன், நாளைக்குத் திருப்பி அனுப்பினா யாரு பாக்கறது" என்றாய். எதுடா உண்மை? அவளுக்குப் பதின்மூன்று வயதில், கூடப் படித்தவர்கள் எல்லாம் மளமளவென்று வளர இவள் மட்டும் முதல் பெஞ்சிலேயே நின்றுபோனபோது, டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னை உட்காரவைத்துச் சொன்னார். பெண்களுக்கு எக்ஸ் என்ற குரோமோசோம் இரண்டு இருக்குமாம், இவளுக்கு ஒன்றுதான். அதனால்தான் உயரம் வரவில்லை, கருப்பையில் குறையில்லை, சினைப்பைதான் வேலை செய்யவில்லை, காதும் இதயமும் கவனிக்க வேண்டியவை, பருவம் மாத்திரையால்தான் வரும். "யார் மேலயும் தப்பில்ல, பரம்பரையும் இல்ல. பொண்ணுதாம்மா இவ, அதுல சந்தேகமே வேண்டாம்" என்றார். புத்தியிலும் குறைவில்லை, ஆனால் கணக்கும் வழியும் குழப்பும், அடுத்தவர் முகத்தைப் படிக்கச் சிரமப்படுவாள் என்றார். நீயே பார்த்திருக்கிறாய், கேலி செய்கிறவனோடு சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு எல்லாரும் எங்கிட்ட நல்லாப் பேசினாங்க" என்பாள். அப்போது உனக்கு எட்டு வயது, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உன் வாயைப் பொத்தி வளர்த்தவள் நான். நான் வெட்கப்பட்டேன், அதைப் பார்த்து நீயும் வெட்கப்படக் கற்றுக்கொண்டாய். அந்தப் பாவம் என்னுடையது, இல்லையென்று சொல்லவில்லை.

அவர்கள் போனபின் உன் அக்கா கேட்டாள், "அம்மா, அவங்க என்னை அருவருப்பாத்தானே பாத்தாங்க?" முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு முகத்தைத் தப்பில்லாமல் படித்திருக்கிறாள். மறுநாள் லீவு போடச் சொன்னேன், கேட்கவில்லை. நானும் பின்னாலேயே போய் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஆறு நாற்பது அவர் பஸ். எண்ணையும் நடைமேடையையும் பிசிறில்லாமல் சொன்னாள். சொன்னபின் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அவள் மூச்சு வாங்குவது நிலையம் முழுக்கக் கேட்டது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தார், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வாரத்திலிருந்து வேறு தடத்துக்கு மாற்றிக்கொண்டாராம்.

ஃபோன் செய்தது நீ என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்றுகூட, "தம்பி கல்யாணத்துக்கு லீவு கேட்டிருப்பான், பாவம், பக்குவமா எழுதும்மா" என்றாள். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டதடா. உண்மையை மனதில் வைத்துக்கொள்ள முடியாதவன் அல்லவா நீ, அந்த லீவிலேயே வந்து அவள் முகத்தைப் பார்த்து இதையும் சொல்லிவிட்டுப் போ. வலது பக்கமாக நின்று சொல், இரண்டாம் தடவை சொல்ல உனக்கு நா எழாது.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். பெற்ற வாயால் சபிக்க வராது, நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்காவையும் உன்னையும் பெற்றவள்