இரண்டு களஞ்சியங்களுக்கு ஒரு தண்டவாளம்

இன்று காலை மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் வேலைக்குப் போக நின்றபோது ஒரு சரக்கு ரயில் மெதுவாகக் கடந்து போனது. பிரேக் தேய்ந்த அந்த இரும்பு வாசனை வந்ததும் உம்முடைய நினைவும் வந்துவிட்டது. உம்மைத் தகனம் செய்து மூன்று கிழமையாகிறது. இந்த வயதில் இன்னும் என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். அலுப்புத்தான், ஆனால் சும்மா இருந்தால் யோசனை வந்து தின்கிறது.

தொண்ணூறுகளில் நாம் வேலை செய்த இடத்தில் இருந்த ஒற்றைத் தண்டவாளம் எங்கள் காகிதக் களஞ்சியத்தைக் கடந்துதான் உங்கள் வெங்காயக் களஞ்சியத்துக்கு வரும். அதில் நிற்கும் எங்கள் ரயில் பெட்டிகளில் சரக்கு இறக்கி முடியாவிட்டால் எஞ்சின் அவற்றைத் தொடாது, உள்ளே உம்மிடம் வரவும் முடியாது. அதனால் தினமும் காலையில் நான் எல்லாப் பெட்டியையும் பார்த்துவிட்டு, "பாதை காலி" என்று உமக்குப் போன் செய்வேன். அதை நம்பி உங்கள் வெங்காயப் பெட்டிகளை இழுத்துப் போக நீர் எஞ்சினைக் கூப்பிடுவீர். "நீங்க 'நீர்'னு கூப்பிடுறப்ப ராஜா தர்பார்ல நிக்கிற மாதிரி இருக்குங்க" என்று சிரிப்பீர், திருச்சிக்காரர்.

ஒருநாள், இரண்டு இடத்தில் வேலை பார்த்த களைப்பு. ஒரு பெட்டியில் பாதிச் சரக்கு இருந்தது. எஞ்சின் வருவதற்குள் இறக்கிவிடலாம் என்று நினைத்து, காலி என்று சொல்லிவிட்டேன். இறக்கி முடியவில்லை. வந்த எஞ்சின் திரும்பிப் போனது. உங்கள் வெங்காயத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் நின்ற கப்பலும் போய்விட்டது.

உங்கள் மேலாளர் உம்மையும் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, காலி என்று யார் சொன்னது என்று கேட்டார். நான் சொல்லவில்லை என்றேன். நீர் என்னை ஒருதரம் பார்த்தீர். பிறகு, யாரையும் கேட்காமல் நீரே எஞ்சினைக் கூப்பிட்டதாக அவரிடம் அமைதியாகச் சொன்னீர்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்று வாசலில் கேட்டேன்.

"உங்க வீட்ல எல்லாரும் இன்னும் கொழும்புலதான இருக்காங்க. இந்த வேலை போச்சுன்னா அவங்க விசா நின்னுடும். என் குடும்பம்தான் வந்தாச்சே, விடுங்க."

அந்த மாதமே உம்மை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி அட்டைப் பெட்டி அடுக்கப் போனீர். என் மனைவியும் பிள்ளைகளும் மங்கரே விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளில் உம்முடைய காரில்தான் வீட்டுக்கு வந்தோம். எனக்காக இழந்த வேலையைப் பற்றி அன்றும் நீர் கதைக்கவில்லை, அதற்குப் பிறகும் கதைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடே வாழப் பழகிவிட்டேன்.

தகனம் முடிந்ததும் உம் மகன் என் பக்கத்தில் வந்து நின்று ஆங்கிலத்தில் பேசினான். இந்த நாட்டில் அப்பாவின் முதல் வேலை அவருடைய கவனக்குறைவால்தான் போனதாம். அதைச் சொல்லித்தான் தனக்குப் புத்தி சொல்வாராம். நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள், உண்மையாகவே அப்படியா நடந்தது என்று கேட்டான்.

ஓம் என்று தலையாட்டினேன்.

முதல் பொய்க்காவது மனைவி, பிள்ளைகள், விசா என்று ஒரு சாட்டு இருந்தது. இந்தத் தலையாட்டலுக்கு ஒரு சாட்டும் இல்லை. அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன்.