ஏழாவது ஞாயிறும் எண்பத்தேழு மைலும்

1938 பிப்ரவரி 18, வெள்ளி

பாப்பாரப்பட்டியில் நாற்பத்தொரு பேருக்கு அம்மை குத்திவிட்டு சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. எங்கள் தர்மபுரி சைக்கிள் சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. மைசூர் சமஸ்தானத்து சைக்கிள் கிளப்காரர்கள் வெளியூர்ச் சங்கங்களையும் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை இரவு ஒன்பதுக்குப் பெங்களூரில் கிளம்பி, மறுநாள் காலை ஏழரைக்குள் மைசூர். எண்பத்தேழு மைல். சங்கத்துக்கு மூன்று பேர். மூவரும் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எங்கள் செயலாளர் சின்னக்கண்ணு, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், பெயரை எழுதியே விட்டார்: அவர், வெல்லமண்டி காளியப்பன், நான்.

வேறு ராஜாவின் சீமையில் தர்மபுரி பேர் சொல்லுவார்கள். போயே தீருவேன்.

தேதியைப் பிறகுதான் பார்த்தேன். மார்ச் பன்னிரண்டு இரவு. விடிந்தால் ஏழாவது ஞாயிறு. இது ஏன் என் புத்தியில் உறைக்கவில்லை?

பிப்ரவரி 20, ஞாயிறு

நாலாவது ஞாயிறு. நானும் என் மனைவி ராயம்மாளும் பூசையில் நன்மை, அந்த நற்கருணை அப்பம், வாங்கினோம்.

முதல் பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதத்திலேயே போயிற்று. அடுத்தது பிறந்த அன்றே. இந்தத் தடவையாவது தங்க வேண்டுமென்று சூசையப்பருக்குப் பொருத்தனை: ஏழு ஞாயிறு, விடாமல், இரண்டு பேரும் நன்மை வாங்குவது. ஒன்று விட்டால் எல்லாம் போச்சு. ராயம்மாளுக்கு ஐந்தாம் மாதம் முடிகிறது.

பயந்துகொண்டேதான் சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன். “போய்ட்டு வாங்க. மைசூர்லயும் கோயிலு இருக்குது. எட்டு மணிப் பூசைல நன்மை வாங்கிடுங்க. அதை மட்டும் விட்டுடாதீங்க” என்றாள்.

நன்மை வாங்குகிறவன் நடு இரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் தொடக்கூடாது. பன்னிரண்டிலிருந்து ஏழரை வரை வறண்ட தொண்டையோடு மிதிக்க வேண்டும். மிதிப்பேன்.

பிப்ரவரி 26, சனி

தொப்பூர்க் கணவாய் வரை போய்வந்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முடியும்.

மார்ச் 6, ஞாயிறு

ஆறு ஆயிற்று. ராயம்மாள் கோயிலிலிருந்து வரும்போது வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை என்கிறாள்.

மார்ச் 11, வெள்ளி

நாளைக் காலை பஸ். சைக்கிள்களை மேலே கட்ட ஏற்பாடு செய்தாகிவிட்டது.

காளியப்பனிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வான் என்று பார்த்தால், “அப்பன்னா பன்னெண்டுக்கு மேல நீ குடிக்கற வரைக்கும் நானும் குடிக்க மாட்டேன். உன் வூட்டுப் பிள்ளைக்கு என் பங்கு” என்கிறான்.

“உனக்கென்னடா பூசையும் நன்மையும்?”

“எனக்கு எங்க முனியப்பன் இருக்காரு. அவரு மேல ஆணை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 14, திங்கள். பெங்களூர் சத்திரம்

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

முப்பத்திரண்டு பேர் கிளம்பினோம். நல்ல நிலா. குளோஸ்பேட்டையில் மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நானும் காளியப்பனும் வயிறு முட்டக் குடித்தோம். மத்தூர் வரை பாட்டும் பேச்சுமாகத்தான் போனோம். அதற்குப் பிறகு நிலா இறங்கிவிட்டது. காளியப்பன் பேச்சை நிறுத்தினான். அவன் பேச்சை நிறுத்துகிற ஆள் இல்லை.

மண்டியாவுக்கு இரண்டு மைல் முன்னால் சரளையில் விழுந்தான். இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டு கல்லாகிவிட்டன. வாயோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சின்னக்கண்ணு பாட்டிலைத் திறந்து நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

“குடிடா காளியப்பா, நான் சொல்றேன், குடி.”

“நீ குடிச்சியா?”

திட்டினேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். “ஆணை போட்டுட்டேன், இன்னாசி. உம் பிள்ளை மேல போட்ட மாதிரி” என்கிறான். கண் செருகுகிறது. சின்னக்கண்ணு என்னைத்தான் பார்க்கிறார்.

ஏழாவது ஞாயிறு. இன்னும் நாலு மணி நேரம். ஆறு ஞாயிறு பட்டதெல்லாம் — என்ன செய்வேன் நான்? ராயம்மாள் முகம் வந்தது. பிறந்த அன்றே போன பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தது வந்தது. இவன் மூச்சு வாங்குவதும் கேட்டது.

பாட்டிலைப் பிடுங்கி, அவன் பார்க்க, மடக் மடக்கென்று குடித்தேன். அதற்குப் பிறகுதான் குடித்தான். குடித்துவிட்டு அழுதான். நானும் அழுதேன். காலைத் தேய்த்துவிட்டு, ஏற்றிவிட்டு, இரண்டு பக்கமும் நாங்கள் ஓட்டினோம். விடக்கூடாது என்று மட்டும் மனசில் இருந்தது. எல்லாம் கெட்டது, இதையாவது முடிப்போம் என்று மிதித்தேன். ஏழு இருபத்தைந்துக்கு மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

எட்டு மணிப் பூசைக்குப் போனேன். எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போனார்கள். நான் தூணோரம் நின்றேன்.

மார்ச் 15, செவ்வாய்

வீடு வந்தேன். கைகால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள். நன்மை வாங்கினீங்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

மார்ச் 17, வியாழன்

இன்னும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்ப்பதில்லை. காளியப்பன் உளறிவிட்டானோ? இல்லை என்று அடித்துச் சொல்கிறான்.

மார்ச் 19, சனி

சூசையப்பர் திருநாள். நான் நன்மைக்கு எழுந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், பெண்கள் பக்கத்தில் அவளும் எழுந்திருக்கவில்லை. கோபம்தான். இருக்காதா பின்னே.

மார்ச் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காளியப்பன் விழுந்தது, ஆணை, தண்ணீர், எல்லாம். என்ன வேண்டுமானாலும் திட்டு என்றேன்.

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்.

“நானுந்தாங்க. அன்னிக்குக் கோழி கூப்பிடற நேரம், மயக்கமா கண்ணைக் கட்டிட்டு வந்துச்சு. பானைத் தண்ணிய மொண்டு குடிச்சிட்டேன். பூசைக்குப் போயி சும்மா குந்தியிருந்தேன். நீங்க அங்க நாக்கு வறண்டு மிதிச்சிட்டு வருவீங்க, நான் இங்க குடிச்சிட்டேன்னு எப்படிங்க சொல்றது?”

ஒரு வாரமாக ஒரே வீட்டில் இரண்டு திருடர்களாக இருந்திருக்கிறோம்.

மறுபடி முதலிலிருந்து ஏழு ஞாயிறு ஆரம்பிக்கலாமா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “முதல்ல சாப்பிடுவோம் வாங்க” என்றாள். களி கிண்டி, இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

ஜூன் 12, ஞாயிறு

விடியற்காலை நாலரைக்குப் பெண் குழந்தை. அழுகை தெரு முனை வரைக்கும் கேட்டதாம். மருத்துவச்சி காசியம்மாள் கைகழுவிக்கொண்டே, “இது நிக்கும்” என்றாள்.

எட்டு மணிப் பூசைக்குக் கோயில் மணி அடித்தது. ராயம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.