ஜீப்பின் மேல் போட்ட பழி

அனுமந்தன்பட்டி,
அக்டோபர் 12.

அன்புள்ள மாமாவுக்கு,

மாதா துணையால் அத்தையும் நானும் இருக்கிறோம். போனில் பேசினால் உங்களோடு வேலை செய்கிற போர்வெல் வண்டி ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும். அதனால்தான் ராய்ப்பூர் திரும்பும் கர்ணன் அண்ணனிடம் இதை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

இங்கே நல்ல மழை. நடவு முடிந்துவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை.

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. இந்த முறை ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏறவே கூடாது என்று அத்தை சொல்லிவிட்டதால் வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன தடவை ஒரு செவ்வாயும் போனதில்லை. ஐந்து மணிக்கே ஜீப் மலையேறிவிடும்.

நர்ஸம்மா விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன அட்டையில் விட்டார். கால் மணி நேரத்தில் இரண்டு கோடு விழுந்தது. ஒரு கோடுதான் விழ வேண்டுமாம். கையிலும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அதுவும் சிபிலிஸ் என்றே வந்தது. கூடினால் வருகிற நோய். ரத்தத்தில் அதன் அளவு முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. மருந்து வேலை செய்தால் அந்த எண் இறங்குமாம். வலிக்காத ஒரு புண் வந்து தானாக ஆறிவிடும், ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, "ஒளிக்காமச் சொல்லுத்தா, ஒன் வீட்டுக்காரரத் தவிர வேற யாராச்சும் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நானும் உங்களைக் கேட்கப்போவதில்லை. ஆனால் மனசு ஆறவில்லை மாமா. உங்கள் சட்டையைக் கொடியில் பார்த்தாலே அழுகை வருகிறது.

நம் முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்றார். அப்போதே சோதனைக்கு ரத்தம் கொடுக்க வரச் சொன்னார்கள். காரணம்தான் ஊருக்கே தெரியுமே என்று நான் போகவில்லை. "ஜீப்புக் குலுக்கத்துலதான் பிள்ள போச்சு, சொன்னாக் கேட்டாளா இவ" என்று அத்தை வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன். உங்கள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் என் தலையைத் தடவி, போகட்டும் விடு என்றீர்கள்.

இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். வாரம் ஒன்றாக இன்னும் இரண்டு முறை போட வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். ஆனால் நீங்களும் ரத்தம் கொடுத்து ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்குத் திரும்பவும் வந்துவிடுமாம். பெரியகுளம் ஆஸ்பத்திரியில் பெயரை வெளியே சொல்லாமல் பார்க்கிறார்கள். லீவு கேட்டுக்கொண்டு உடனே வாருங்கள்.

கல்லறைத் திருநாளுக்கும் இருங்கள். ஞானஸ்நானம் இல்லாமல் வேலியோரம் புதைத்த நம் பிள்ளைக்கு நாம் இருவரும் சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றுவோம். அத்தையிடம் நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பிள்ளை போனது ஜீப் குலுக்கத்தால் இல்லை என்று மட்டும் நீங்கள் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
அருள்செல்வி