இரண்டாம் வகுப்பில் இன்று என்ன பாடம்?

அனுப்புநர்:
கண்ணாடிக் கடைக்காரர்,
(இரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியின் தந்தை),
பள்ளியின் பின்வாசல் தெரு.

பெறுநர்:
தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: வகுப்பறைச் சன்னல்களில் மங்கல் கண்ணாடி பொருத்தப்பட்டது குறித்தும், பிள்ளைகள் படிப்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேறு வழி வேண்டியும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் யார் மேல் புகார் என்று எழுத உட்கார்ந்தபோது எனக்கே குழப்பமாகிவிட்டது. ஏனென்றால் அந்த மங்கல் கண்ணாடியை வெட்டியதும் மாட்டியதும் நான்தான். எனவே நடந்ததை நடந்தபடியே கீழே எழுதியுள்ளேன்.

1. பள்ளியின் பின்சுவரை ஒட்டிய தெருவில் பதினெட்டு ஆண்டுகளாகக் கண்ணாடிக் கடை நடத்தி வருகிறேன். எனக்கு ஒரே மகள். வீட்டில் ‘சுண்டு’ என்று கூப்பிடுவோம். சென்ற ஆண்டு அவள் முதல் வகுப்பில் சேர்ந்த அதே வாரத்தில், என் மனைவி வெளிநாட்டில் ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள். இடையில் விடுப்பு இல்லை. மகளின் முதல் சீருடைக்குப் பொத்தான் தைத்தது அவள். அதைப் போட்டுவிட்டது நான்.

2. நாள்தோறும் மாலை ஐந்தரைக்கு மனைவி போனில் வருவாள். இருபது நிமிடம் முகம் பார்த்துப் பேசலாம். அவள் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு என்னடி படிச்ச?” என்பது. மகள் சொல்லும் பதில், “ஒண்ணுமே படிக்கலம்மா” என்பது. சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று வகுப்பாசிரியை சொன்னார். ஆனால் எல்லாத் தாய்மாரும் அவ்வளவு தொலைவில் இல்லை. முதல் வகுப்பு மாடியில் இருந்தது. அந்த ஓராண்டு முழுவதும் என் மனைவிக்குக் கிடைத்த செய்தி ‘ஒண்ணுமே படிக்கல’ என்பது மட்டும்தான்.

3. இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் மூன்று சன்னல்களும் எங்கள் தெருவைப் பார்த்தவை. என் மகள் மூன்றாவது சன்னலின் அருகே, இரண்டாம் பெஞ்சில் உட்காருவாள். காலையில் கடையைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் அந்தச் சன்னலோரம் நிற்கத் தொடங்கினேன். சத்தம் போட்டதில்லை, கையசைத்ததில்லை. அவள் கண்ணில் படாதபடி ஒதுங்கித்தான் நிற்பேன்.

4. அந்தப் பத்து நிமிடங்களில் நான் கற்றதைச் சொன்னால்தான் என் குறை தங்களுக்கு விளங்கும். ஒரு நாள் வீட்டுப்பாடமாக ‘உன் வீட்டுக் கதவின் அகலம் எத்தனை சாண்?’ என்று கேட்டிருந்தார்கள். அளவெடுத்துப் பிழைப்பவன் வீட்டில் சாணா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டேப்பை எடுத்து, மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, மகளை எழுத வைத்தேன். ஆசிரியை அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். “அப்பாவுக்கே தெரியலன்னா யாருகிட்ட கேக்கறது?” என்று மகள் அழுதாள்.

மறுநாள் சன்னல் வழியே பார்த்தேன். வகுப்பிலேயே உயரமான பையனையும் குள்ளமான பெண்ணையும் கூப்பிட்டு, ஒரே மேசையைச் சாணால் அளக்கச் சொன்னார் ஆசிரியை. அவனுக்கு ஏழு, அவளுக்கு ஒன்பது. யார் சொல்வது சரி என்று வகுப்பே இரண்டு கட்சியாகச் சண்டை போட்டது. ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. சண்டை நன்றாக முற்றும்வரை கைகட்டி நின்றார். கடைசியில் ஒரு குழந்தை, “எல்லாருக்கும் ஒரே கை இருந்தா நல்லாருக்கும் மிஸ்” என்றது. அப்போதுதான் மேசை இழுப்பறையிலிருந்து அளவுகோலை வெளியே எடுத்தார். பதினெட்டு ஆண்டுகளாக டேப்பும் கையுமாக அலைகிறேன். அளவு என்று ஒன்று ஏன் வந்தது என்று அன்றுதான் யோசித்தேன். மகள் தானே போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு, நடுவில் புகுந்து நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்பதும் புரிந்தது.

5. கழித்தல் கணக்கிலும் இதே கதைதான். முப்பத்திரண்டில் பதினேழு போகவில்லை என்றால் பக்கத்தில் கடன் வாங்கு என்று சொல்லிக்கொடுத்தேன். “யாருகிட்டப்பா வாங்கணும்? திருப்பித் தரணுமா?” என்று கேட்டாள். மறுநாள் சன்னலோரம் போய்ப் பார்த்தேன். வகுப்பில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்து உதிரியாகப் போடுகிறார்கள். அவ்வளவுதான், கடனும் இல்லை, வட்டியும் இல்லை. அன்றே மிச்ச மரச்சட்டத்தை விரல் நீளத்துக்கு நறுக்கி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு செய்துகொடுத்தேன். மகள் படிக்கும்போது ஒரு சொல்லில் திணறினால் உடனே நான் எடுத்துக்கொடுப்பது வழக்கம். ஆசிரியையோ வாயே திறப்பதில்லை. குழந்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கரையேறும்வரை காத்திருக்கிறார். நானும் வாயை மூடிப் பழகினேன். ‘கத்தரிக்கோல்’ என்ற ஒரு சொல்லுக்கு என் மகள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சன்னல் கண்ணாடியின் ஓரமெல்லாம் மக்குப் பசை வைத்து முடித்துவிடலாம். ஆனால் முடித்ததும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் எந்தக் காலத்திலும் வாங்கிக்கொடுத்திருக்க முடியாது.

6. இவை எல்லாவற்றையும் மாலையில் மனைவியிடம் சொல்வேன். சாண் கதையைக் கேட்டதும் அவள் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அங்கிருந்த சமையல் மேடையைத் தன் கையால் அளந்தாள். “எனக்குப் பதினோரு சாண்டி. நம்ம வீட்டு மேடையும் இதே நீளந்தான், உனக்கு எத்தனை?” என்று கேட்டாள். விளையாடப் போன மகள் ஓடி வந்து, ஸ்டூல் மேல் ஏறி அளந்து, “பதிமூணும்மா! உன் கை பெருசும்மா!” என்று கத்தினாள். அதன்பிறகு, அம்மாவின் கை எவ்வளவு பெரிது என்று காட்டச் சொல்லி, போன் திரையில் தன் கையை வைத்துப் பார்த்தாள். அன்று இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. இப்படி நான்கு மாதங்கள் ஓடின. பாடம் இங்கே நடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் அங்கும் இங்குமாக இருந்தார்கள்.

7. இந்நிலையில்தான் சன்னல் கண்ணாடிகளை மாற்றும் முடிவு வந்தது. தலைமையாசிரியை அம்மையாரைக் குறை சொல்வதற்கில்லை. என்னைப் பார்த்து மற்ற பெற்றோரும் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி மகனைக் கூப்பிட்டார். அவன் அழுது, அவனைப் பார்த்து நான்கு பேர் அழுது, அரை நாள் பாடம் கெட்டது. “நீங்க சத்தமில்லாம நிக்கிறீங்க, எனக்குத் தெரியும் சார். ஆனா இருபது பேரு நின்னா இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?” என்று அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி.

வேலை என் கடைக்கே வந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு யாராவது ஏனோதானோவென்று மாட்டினால், ஆடுகிற கண்ணாடிக்குக் கீழே உட்காரப்போவது பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், பன்னிரண்டு கண்ணாடிகளையும் மாற்றினேன். மூன்றாவது சன்னலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். காலியான வகுப்பில், மகளின் இடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது. பிறகு எழுந்து அதையும் மாட்டிவிட்டேன்.

8. அதற்கு மறுநாளும் பழக்கத்தில் போய் நின்றேன். நீலமும் வெள்ளையுமாக ஏதோ அசைந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளில் என் பிள்ளை எது என்று தெரியவில்லை. திடீரென்று வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சிரித்தது. மாலையில் மகளிடம் எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். “எப்ப சிரிச்சோம்?” என்றாள். அந்தச் சிரிப்பு எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

9. இனி எழுதுவது என் குற்றம். மறைக்காமல் எழுதுகிறேன். அன்று மாலை மனைவி கேட்டபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பட்டாம்பூச்சி பாடம் நடந்தது, முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூடு என்று ஆசிரியை படம் போட்டார் என்று நானாகக் கட்டிச் சொன்னேன். மறுநாள் ஒரு கதை, அதற்கு மறுநாள் இன்னொன்று. நான்காம் நாள் மனைவி, தான் கையால் வரைந்த நான்கு படங்களைத் திரையில் காட்டி, “சுண்டு, இதுல எது மொதல்ல வரும், சொல்லு பாப்போம்?” என்று கேட்டாள். மகள் விழித்தாள். “இதெல்லாம் எங்களுக்கு இன்னும் நடத்தவே இல்லம்மா” என்றாள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. மகள் நகர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: “தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. தாத்தா தூங்குற நேரத்துல உக்காந்து மூணு நாளா வரைஞ்சேன்.” அவள் பார்த்துக்கொள்ளும் முதியவரைத்தான் தாத்தா என்றாள். பிறகு அவள் அந்த நான்கு படங்களையும் அடுக்கி வைத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் எட்டு நிமிடம் அப்படியே வீணாகப் போனது.

10. வகுப்பாசிரியையிடம் போய், தினமும் இரண்டு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். “நாப்பத்தோரு டைரி எழுதினா நான் எப்ப சார் பாடம் நடத்துறது?” என்றார். அவருக்கும் இதில் வருத்தம்தான் என்பது முகத்தில் தெரிந்தது. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

11. பழைய கண்ணாடிகளைத் திரும்ப மாட்டச் சொல்லி இந்த மனு அல்ல. நான் கேட்பது, வாரத்துக்கு ஒரு தாள். இந்த வாரம் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம், முக்கியமாக எதைச் செய்யாமல் சும்மா இருக்க வேண்டும் என்று எழுதிப் பின்வாசல் சுவரில் ஒட்டினால் போதும். நாற்பத்தொரு வீட்டுக்கும் அந்த ஒரு தாளே போதும். மழையில் நனையாமல் இருக்கக் கண்ணாடி போட்ட பலகை ஒன்றை என் செலவில் செய்து, பூட்டுச் சாவியோடு பொருத்தித் தருகிறேன். அத்துடன், மாதம் ஒருமுறை அரைமணி நேரம், நான்கைந்து பெற்றோரை முறை வைத்து வகுப்பின் பின்பக்கம் உட்கார அனுமதிக்க வேண்டும். தட்ட மாட்டோம், கூப்பிட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். கண்ணாடியைத் தட்டியவரிடமும் பேசிவிட்டேன். முதல் கையெழுத்துத் தன்னுடையதாக இருக்கட்டும் என்கிறார். என்னைப்போல அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளைக் குழப்பும் தகப்பன்மார் இந்தத் தெருவில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த அரைமணி நேரம் பயன்படும்.

12. ஒப்பந்தம் முடிந்து என் மனைவி ஊர் திரும்பும்போது மகள் நான்காம் வகுப்பில் இருப்பாள். அதற்குள் கடிகாரம் பார்க்கவும், கடிதம் எழுதவும், வாய்ப்பாடு ஒப்பிக்கவும் கற்றுக்கொண்டிருப்பாள். கற்றுக்கொண்டவளை என் மனைவி வந்து பார்ப்பாள். கற்றுக்கொள்ளும்போது பார்க்க முடியாது. அதைத் தங்களாலும் தர முடியாது என்பது தெரியும்.

இந்த மனுவை அனுப்புவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொய் சொன்ன பத்தியை எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னாள்: இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் கூடுதலாக ஒரு பிரதி கிடைக்குமா என்று. அது கடைகளில் விற்பதில்லை, ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான் என்பது விதி என்று அறிவேன். இந்த ஒரு முறை விதியைத் தளர்த்திப் பதிவேட்டில் ‘மாணவியின் தாய்’ என்று எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டதற்கு நான் கையெழுத்திடுகிறேன். படிக்கப்போவது அவள்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்.

இடம்: பள்ளியின் பின்வாசல் தெரு.
நாள்: நவம்பர் 13, வியாழக்கிழமை.

இணைப்பு: அறிவிப்புப் பலகையின் அளவுப்படம் – 1. என் மனைவி வரைந்த பட்டாம்பூச்சிப் படங்களின் நகல் – 4. அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம்.