கட்டுக்குள் இருந்த கை

ஜூலை 9, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால், "எழுத வருதுல்ல? அப்ப நடிப்புதான்" என்பார் சாலமோன் மாமா.

மார்ச்சில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. மாமாதான் கட்டு போடுகிறவரிடம் கூட்டிப் போனார். முட்டை, உளுந்து மாவு, எண்ணெய், துணி. பிரித்துப் பிரித்து மூன்று முறை கட்டினார். பஸ்ஸில் அந்த அழுகின நாற்றம் தாங்காமல் ஹாதியா எழுந்து போய் நின்றுகொண்டாள். என் உயிர்த்தோழி! அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே குமட்டியது.

எலும்பு கூடியாச்சு. கட்டும் அவிழ்த்தாச்சு. வலி மட்டும் போகல. ஃபேன் காத்து பட்டாலே எரியுது. கை ஊதாவா, பளபளன்னு, எப்பவும் வேர்த்துக்கிட்டு, தோலுரிச்ச பல்லி மாதிரி. சீ. இது என் கையே இல்லை.

ஜூலை 11

அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஜெனிட்டா எக்ஸ்ரேயைப் பார்த்தார். கையைத் தொடவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்தது.

"நான் நடிக்கிறேனா டாக்டர்?"

"இல்லம்மா. எலும்பு ஆறிடுச்சு. நரம்பும் மூளையும் இன்னும் ஆபத்துன்னு கத்திட்டே இருக்கு. வலி நிஜம்."

ரொம்ப நாள் அசையாமல் இருந்தால் மூளையில் அந்தக் கையின் படமே மங்கிவிடலாம் என்று ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்களாம். போனில் கைகளின் படங்களைக் காட்டி, வலதா இடதா என்று கேட்டார். இடது கைகளை உடனே சொன்னேன். வலது வந்தால் திணறினேன். எல்.கே.ஜி. பிள்ளை சொல்லும். அசிங்கமாக இருந்தது.

தினமும் இப்படிப் பார்த்துப் பழக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும், இனிமேல் கட்டவே கூடாது என்றார்.

"முழுசா போயிடுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். நிறைய பேருக்குக் குறைஞ்சிருக்கு."

பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 12

கட்டு சரியாக விழவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போட வேண்டுமாம். மாமா சொல்லிவிட்டார், டாக்டர் சொன்னதை அம்மா சொல்லியும் அப்பா தலையாட்டிவிட்டார். நாட்டு முட்டை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தாகிவிட்டது. பயமா இருக்கு. திரும்பக் கட்டினா செத்துடுவேன் போல இருக்கு.

ஜூலை 14, ஞாயிறு

அப்பா சிறுசேரி கம்பெனிக்கு ஓட்டும் கேபிலேயே கிளம்பினோம். மடியில் முட்டைப் பை. மாமா நேராகக் கட்டு போடுகிறவர் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு.

மாமல்லபுரத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் சிற்பக் கடைகள். எங்கே பார்த்தாலும் கல் கைகள். இடது, இடது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னாடி, முணுமுணுத்துகினு வர?"

சொன்னேன். சிரித்தார். "இதுல இன்னா கீது? அதோ, புத்தர் தூக்கிகினு கீறாரே, எந்தக் கை?"

"இடது."

"வெளையாடாத ஷாரோன்."

"வெளையாடலப்பா."

வண்டியை ஓரம் கட்டினார். நாள் முழுக்க லெஃப்ட், ரைட் என்று ஓட்டுகிற மனுஷன். ஒவ்வொரு சிலையாகக் கை நீட்டிக் கேட்டார். இடது எல்லாம் டக்கென்று வந்தது. வலது வந்தால் வாய் ஒட்டிக்கொண்டது. பிள்ளையாரைக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

ஸ்டியரிங் மேல் இருந்த தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"மச்சான், நாங்க வரல. இன்னிக்கி மட்டும் இல்ல, இனிமேவும் வரல. புள்ள நடிக்கல மச்சான்... முட்டையா? வூட்டுக்கு வா, ஆம்லெட் போட்டுத் தரச் சொல்றேன்."

எனக்கு வேண்டாம். அந்த வாசனையே வேண்டாம்.

ஜூலை 30

ஆஸ்பத்திரியில் கையைத் துண்டால் மெதுவாகத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்கு.

ஆகஸ்ட் 18

டாக்டர் சொன்ன புதுப் பயிற்சி: கண்ணாடிக்குப் பின்னால் வலது கை, முன்னால் இடது கை. இடதை ஆட்டினால் கண்ணாடிக்குள் வலது ஆடுகிற மாதிரி தெரிகிறது. வாந்தி எடுத்தேன். அவசரப்படாதே, படங்களுக்கே திரும்பிப் போ என்றார் டாக்டர். மாமா பார்த்து, "நல்லா பண்றீங்கடி சர்க்கஸ்" என்றார். அப்பா அவரை முறைத்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இப்போதும் இடது கையால்தான் எழுதுகிறேன். வலி இருக்கிறது. நேற்றைவிடக் கம்மி, முந்தாநாளைவிட அதிகம்.

அம்மா நெத்திலி ஆய உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வலது கையால் மீனைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தலையைக் கிள்ளினேன். தண்ணீர் சுருக்கென்றது. ஐந்து மீனோடு எழுந்துவிட்டேன்.  அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்து மீதி மீனை ஆய்ந்தாள்.

எத்தனை சோப்பு போட்டும் வலது கையில் மீன் நாத்தம் போகல. நகத்துக்குள்ள போய் ஒட்டிக்கிச்சு. சீ, என் கை என்னா நாத்தம்!

மறுபடியும் மோந்து பார்த்தேன்.