டாங்கன் வீட்டுக் கேரவன்

இல்லை சோல்வே, உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதற்காக அந்தக் கேரவனை வாங்கவில்லை. சொல்லப்போனால் வாங்க நினைத்தே வாங்கவில்லை. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். அதற்கு முன், ஆரிகன் மழையோடு ஒத்துப்போகிறாயா, இருமல் விட்டதா. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். மின்னசோட்டாவில் படுத்த படுக்கையாகும் வரை எல்லோரும் சொல்கிற அந்த நன்றாக.

ஆர்வில் டாங்கனை உனக்கு நினைவிருக்கும். தேவாலயத்தில் நமக்கு முன்வரிசை, அவருடைய பிடரியைப் பார்த்துத்தான் இத்தனை காலம் ஜெபித்திருக்கிறோம். அவருக்கு முழங்கால் போய்விட்டது, கேரவனை விற்கிறார், சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றார் அப்பா. போனோம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை, பழுப்புக் கம்பளம், நனைந்த நாயின் வாடை. டாங்கன்கள் நாய் வளர்த்ததே இல்லை. கழிவறைக்குப் பக்கத்தில் என் கால் அமுங்கியது, கேக்கை மிதித்த மாதிரி. கம்பளத்துக்கு அடியில் பலகை இற்றுப்போயிருந்தது. ஆர்வில் மனைவி டெலோரிஸ் என் காலைப் பார்த்தாள். நான் அவளுடைய திரைச்சீலையைப் பார்த்து, நீயே தைச்சதா, அழகா இருக்கே என்றேன். ஆமா என்றாள். மறுபடி என் காலைப் பார்த்தாள். அப்பா கூரையில் இருந்த கறையைக் காட்டி, ஒழுகுமா ஆர்வில் என்று கேட்டார். ஆர்வில் கொஞ்சம் யோசித்து, கவனிச்சாத்தான் தெரியும் என்றார்.

பிறகு காப்பி. வேண்டாம் என்றோம், ஐயோ வேண்டாமே என்றோம், மூன்றாவது தடவை கேட்டதும் உட்கார்ந்தோம். ருபார்ப் தண்டு போட்ட புளிப்புக் கேக் இருந்தது. கடைசித் துண்டை யாரும் எடுக்கவில்லை, எடுப்பார்களா. அப்பா அதில் பாதியை வெட்டிக்கொண்டார், மீதியில் பாதியை ஆர்வில், அதில் பாதியை டெலோரிஸ், அதிலும் பாதியை நான். தட்டில் ஒரு பொடி மிஞ்சியது. அதை மரியாதைக்காக விட்டுவிட்டோம். அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வண்டி எப்படி என்று ஆர்வில் கேட்டார். அப்பா, பொய் வராத மனிதர், வித்தியாசமாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டார்.

வித்தியாசம். உன் ஊரில் அது சாதாரண வார்த்தையாக இருக்கலாம். இங்கே அதைவிடக் கடுமையாக ஒருவரும் பேசுவதில்லை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். முடியைப் பச்சையாக்கிக்கொண்டு ஈஸ்டர் ஆராதனைக்கு வந்தாயே, போதகர் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. அதற்குப் பிறகுதான் நீ ஆரிகனுக்குப் போனாய் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

ஆர்வில் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். ஆமாப்பா, எல்லாருக்கும் பிடிக்காதுதான் என்றார். கோபமே இல்லை. அதுதான் சிக்கல். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. இனி ஞாயிறுதோறும் அந்தப் பிடரியை எப்படிப் பார்ப்பது. நாங்களே எடுத்துக்கிறோம் என்றார். வேணாம், என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற என்றார் ஆர்வில். இல்லப்பா, நெசமாவே பிடிச்சிருக்கு. வேணாம், வேற யாராவது வருவாங்க. ஆர்வில், தயவுசெஞ்சு குடு. கெஞ்சினார் சோல்வே, உன் அப்பா. ஒழுகுகிற கூரையையும் இற்ற தரையையும் கெஞ்சி, கேட்ட விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார். கிளம்பும்போது டெலோரிஸ் அந்தக் கேக் பொடியையும் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தாள்.

இப்போது அது நம் முற்றத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், பெருசுதான் இல்ல என்கிறார்கள், எங்கே போறதா உத்தேசம் என்கிறார்கள். பாக்கலாம் என்கிறார் அப்பா. காலையில் காப்பியோடு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார். வண்டியைக் கிளப்ப மாட்டார். சீட் பெல்ட் மட்டும் போட்டிருப்பார். நேற்று எட்டிப் பார்த்தேன், மடியில் சாலை வரைபடம். மொன்டானா, ஐடஹோ, அதற்கப்பால் உன் ஊர் வரைக்கும் பென்சில் கோடு. நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை.

போன மாதம் போனில் நீ, வந்தா நல்லாத்தான் இருக்கும், எப்பவாவது என்றாய். நானும், ஆமா எப்பவாவது என்றேன். இப்படியே நாலு வருடம் ஆகிவிட்டது. உனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நாங்கள், எங்களுக்குச் சிரமம் கூடாது என்று நீ. தட்டில் கடைசியாக மிஞ்சியதை நாம் மூவரும் வெட்டிக்கொண்டே இருக்கிறோம்.

அதனால் கேட்கிறேன். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஜூனில் வரட்டுமா. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது. படித்து நான் செத்துப்போக மாட்டேன். வா என்றால் வா என்று எழுது, எப்பவாவது என்று எழுதாதே. இந்தக் கடிதத்தின் முதல் வரி மரியாதைக்காக எழுதியது. உன் வாசலில்தான் நிறுத்த வேண்டும். வேறு எங்கேயும் போக எங்களுக்கு ஆசை இல்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். மழையில் தலையை மூடிக்கொள். இருமலுக்கு டாக்டரிடம் போ, ஆர்வில் மாதிரி, கவனிச்சாத்தான் தெரியும்னு அவரிடம் சொல்லிவைக்காதே. பதில் போட மறக்காதே.

உன் அம்மா,
மார்லிஸ்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு வண்டிக்குப் போய்க் கழிவறைப் பக்கத்துக் கம்பளத்தைக் கிழித்தெடுத்தேன். அப்பாவைக் கூப்பிட்டு, இது இத்துப்போச்சு என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆமா என்றார். பலகை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்.