அப்பா கதவு தள்ளிய நாள்

அன்புள்ள ரோவினாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், படகும் நலம், குளிர்காலம் முழுக்கக் கால்வாயில் கட்டிக் கிடந்ததில் அடியில் பாசி பிடித்ததுதான் குறை. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே குளிர் தொடங்குகிறது, இங்கே விடுகிறது. பழைய ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு அலையாதே, நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்.

நவம்பரில் அப்பாவுக்கு லேசான பக்கவாதம் வந்துபோனதிலிருந்து நீ படகை விற்றுவிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். பக்கத்துப் படகுக்காரர் பார்ஜிட்டர் வாங்கிக்கொள்ளத் தயார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாதான், “ஒரே ஒரு நாள் ஓட்டிப் பாக்கறேன் மேரியன், சரிவரலேன்னா நானே சாவியக் கொடுத்துடறேன்” என்றார். நானும் சரி என்றேன். இடது கை மரத்துப்போகிறதா என்று எப்போது கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான், “ஒண்ணுமில்ல.”

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். என்ன வெயில் தெரியுமா, மார்ச் மாதம் மாதிரியே இல்லை! கரை வேலியெல்லாம் முள்மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது, வயலில் ஆட்டுக்குட்டிகள் துள்ளின, காற்று மட்டும் காதைக் கடித்தது. கரையில் நாயோடு நடந்த ஒருவர் எங்களை முந்திப்போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, “ஏங்க, எறங்கி நடந்தா சீக்கிரம் போய்ச் சேரலாமே!” என்றார். அப்பா சுக்கானைப் பிடித்தபடி தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டி, “சீக்கிரம் போறவன் எதுக்குய்யா படகு வாங்குவான்?” என்று சிரித்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன், எனக்கும் மனசு லேசானது.

முதல் மதகில், இரண்டு கதவுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரை இறக்கிக் கீழ்மட்டத்துக்குப் போவது ஒழுங்காக நடந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும், கால்வாயில் எல்லாத் தம்பதிக்கும் அதே வழக்கம்தான்: ஆண்கள் சொகுசாகப் படகில் நிற்பார்கள், பெண்கள் கரையில் இறங்கி தண்ணீர் விடும் ஷட்டரைத் திருகி, கதவு தள்ளி, முதுகு ஒடிய உழைப்பார்கள். முப்பத்தொரு வருடமாக நான் அதைத்தான் செய்கிறேன். இரண்டாவது மதகிலும் நான் கீழ்க்கதவு ஷட்டரைத் திறந்தேன், தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மேல்கதவுக்கு அடியில் கல்படி நீண்டிருக்கும் இடத்தில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள் அல்லவா, படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. படகு மெல்லப் பின்னால் நகர்ந்தது. இடது கையால் எஞ்சின் லீவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் போதும். அவர் தள்ளவில்லை. சுக்கான் கல்படியில் மாட்டிக்கொண்டது, தண்ணீர் இறங்க இறங்கப் படகின் மூக்கு கீழே போயிற்று, உள்ளே தட்டெல்லாம் சரிந்து உடைகிற சத்தம் கேட்டது. என் உயிரே போய்விட்டது. ஷட்டரைப் படாரென்று இறக்கி அடைத்துவிட்டு மேல்கதவுக்கு ஓடினேன், அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன், தண்ணீர் ஏற ஏறப் படகு மெல்ல நிமிர்ந்து படியை விட்டு விலகியது. இந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, “கை மரத்துப்போச்சு மேரியன். லீவரப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல. என்னால முடியல” என்றார். பிறகு ஏணியில் மெதுவாக ஏறி வந்து, நான் வைத்திருந்த ஷட்டர் திருகும் இரும்புக் கைப்பிடியை வலது கையால் வாங்கிக்கொண்டு, “நீ போய் ஓட்டு” என்றார். எனக்கா ஓட்டத் தெரியும்! அடுத்த மூன்று மதகிலும் சுவரில் இடித்தேன், கிளைகள் தண்ணீர்வரை தொங்கிய ஒரு வில்லோ மரத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தேன், தலைமுடியெல்லாம் பூந்துகள். அப்பாவோ மதகுக் கதவைத் தள்ளும் நீளக் கட்டையில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். அதற்கு இடது கை வேண்டாமே! எதிரே வந்த படகிலிருந்த ஒரு அம்மாள், “வீட்டுக்காரர வேலை செய்ய வெச்சுட்டீங்களே, எப்படிங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்க” என்று கத்தினாள். அப்பா, “முப்பத்தொரு வருஷம் ஓசில ஓட்டிட்டேம்மா, இப்ப வட்டியோட வாங்கறா” என்றார்.

பார்ஜிட்டரிடம் விற்கவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். கோபப்படாதே ரோவினா. நீ பயந்தது சரிதான், அன்று நானும் நடுங்கினேன். ஆனால் இத்தனை மாதமாக நான் பயந்தது அவர் கைக்கு இல்லை, அந்த “ஒண்ணுமில்ல”வுக்கு. முடியவில்லை என்று வாய் திறந்து சொல்கிற மனிதரோடு நான் எந்த மதகையும் தாண்டிவிடுவேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. அப்பாவிடம் பேசும்போது கை எப்படி இருக்கிறது என்று நீயும் கேள். இப்போது உண்மையைச் சொல்கிறார்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா மேரியன்